படத்தின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள்

கேள்வி: காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் என் தாத்தா 1934 முதல் 1966 வரை ஓர் அச்சகமும், அதிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். படமெடுத்தவர் அவருடைய தம்பி. பூர்வீக வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து மூன்று டிரங்குப் பெட்டிகள் கிடைத்தன. ஏறக்குறைய நானூறு படங்கள், இரண்டு ஆல்பங்கள், ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி நெகட்டிவ்கள், புளித்த வாடை வீசும் ஃபிலிம்கள், மரக்கட்டையில் அறைந்த பிளாக்குகள் (படம் அச்சிடும் உலோகத் தகடுகள்), பைண்டு செய்த பத்திரிகைத் தொகுதிகள் பதினொன்று ஆகியவை அவற்றில் இருக்கின்றன. குடும்பப் படங்களைப் பங்கு வைத்துக்கொண்டு, ஒரு பெரிய தலைவரோடு தாத்தா இருக்கும் படத்தை லேமினேட் செய்து மாட்டிவிட்டு, ஊர்க்காரர்கள் இருக்கும் மற்றவற்றை ஸ்கேன் செய்தபின் கழித்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என் மகன் சில படங்களைச் செல்பேசியில் பிடித்து, ஒரு செயலியில் போட்டு வண்ணப் படமாக்கியிருக்கிறான். ஆட்களை அடையாளம் சொல்லக்கூடியவர் 88 வயதான அத்தை ஒருவர்தான். மூன்று படங்களின் இருபக்கப் பிரதிகளை இணைத்துள்ளேன். என்ன செய்யலாம்? (ஒரு வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பங்கு வைக்க வேண்டாம், லேமினேட் செய்ய வேண்டாம், எதையும் கழிக்க வேண்டாம். இந்த மூன்றையும் உறவினர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள். காரணத்தை இந்தப் பதிலைக் காட்டி விளக்கிக்கொள்ளலாம். பெட்டிகள் இத்தனை ஆண்டுகள் பரணில் கிடந்து தாக்குப்பிடித்தவை, இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும். காத்திருக்க முடியாதவர் உங்கள் அத்தை. ஆகவே ஸ்கேனர் வாங்குவதற்கு முன் அவரிடம் போய் உட்கார வேண்டும். அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மூன்றில் இரண்டாவது படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆயுத பூசையன்று அச்சகத்து முற்றத்தில் எடுத்த படம். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு இயந்திரத்தின் பெரிய சக்கரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை சாத்தியிருக்கிறார்கள். முன்வரிசை நாற்காலிகளில் உங்கள் தாத்தாவும் குடும்பத்து ஆண்களும் அமர்ந்திருக்க, பின்னால் பணியாளர்கள் ஒன்பது பேர் நிற்கிறார்கள். தரையில் இரண்டு சிறுவர்கள் சம்மணமிட்டிருக்கிறார்கள். நிற்பவர்களில் வலக்கோடியில் இருப்பவர், எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை இடது கையிலிருந்து இறக்கி வைக்காமலேயே வந்து நின்றிருக்கிறார். பூசையன்று கருவிகளெல்லாம் சாமிக்கு முன்னால் இருக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது என்பது எந்த அச்சகத்திலும் உள்ள வழக்கம். அப்படியிருக்க அவர் கையில் மட்டும் அது ஏன் இருக்கிறது? இவர் கம்பாசிட்டர் (அச்செழுத்துக் கோப்பவர்) என்று தெரியட்டும் எனப் படமெடுத்த உங்கள் சின்னத் தாத்தாவே கொடுத்து நிற்க வைத்தாரோ, அவரே விரும்பி எடுத்துக்கொண்டாரோ, அத்தைக்குத் தெரிந்திருக்கக்கூடும்.

இப்போது அதே படத்தின் பின்பக்கத்துக்கு வாருங்கள். நீலப் பென்சிலில் ‘3 காலம்’ என்று எழுதி, மேலும் கீழும் இரண்டு கோடுகள் இழுத்திருக்கிறார்கள். அது பிளாக் செய்பவருக்கான குறிப்பு. இந்தக் கோட்டிலிருந்து இந்தக் கோடு வரை மட்டும் எடு, மூன்று பத்தி அகலத்துக்குச் செய் என்று பொருள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அந்தக் கோடுகள் முன்பக்கத்தில் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். நாற்காலி வரிசை மட்டுமே உள்ளே இருக்கிறது. நின்ற ஒன்பது பேரும் தரையில் இருந்த இரண்டு சிறுவர்களும் கோட்டுக்கு வெளியே போய்விட்டார்கள். பத்திரிகையில் வந்த படத்தில் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் இருப்பது உங்கள் பெட்டியிலுள்ள இந்த ஒரு பிரதியில்தான். உங்கள் உறவினர்கள் குடும்பத்தார் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி ஸ்கேன் செய்தால், அந்த நீலப் பென்சில் செய்த அதே வேலையை இன்னொரு முறை செய்தவர்கள் ஆவார்கள்.

தலைவரோடு தாத்தா இருக்கும் படத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெரிய தலைவர்கள் வந்த இடங்களில் பல கேமராக்கள் இருந்திருக்கும். அதே நிகழ்ச்சியின் வேறு படங்கள் வேறு வீடுகளிலும் அலுவலகங்களிலும் கிடைக்கலாம். ஊருணியில் குடத்தோடு நிற்கும் பெண்கள், தேர் வடத்தைப் பிடித்திருக்கும் கூட்டம், பள்ளிக்கூடத் திண்ணையில் சிலேட்டோடு இருக்கும் பிள்ளைகள் என்று நீங்கள் எழுதியிருக்கும் ‘யாரோ’க்களின் படங்களுக்கு மறுபிரதி வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை. அந்தக் காலத்துச் சிற்றூரில் கேமரா வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஸ்டூடியோவுக்குப் போய்ப் படமெடுத்துக்கொள்ள வசதி வாய்த்தவர்கள், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் அட்டையில் ஒட்டிய படங்களை வீட்டுக்கு அனுப்பியவர்கள் ஆகியோரின் முகங்கள் எப்படியோ மிஞ்சியிருக்கின்றன. மற்றவர்களின் முகம் மிஞ்சியிருக்குமானால், பத்திரிகை வேலையாகப் போன ஒருவர் வழியில் நின்று எடுத்ததாலேயே மிஞ்சியிருக்கும்.

பெட்டிகளைப் பிரிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்திரிகைக் குடும்பத்துப் படம் தனியாக இருக்கும்போது ஊமை. அதன் நெகட்டிவ், பிளாக், அச்சான இதழ் மூன்றும் பக்கத்தில் இருக்கும்போது அது பேசும். படத்துக்குத் தேதி இல்லாவிட்டாலும் இதழுக்குத் தேதி உண்டு. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர், இடம் ஆகிய விவரங்களை ஒவ்வோர் இதழிலும் போட்டாக வேண்டியிருந்ததால், கடைசிப் பக்கத்தின் அடியிலுள்ள அந்த ஒரு வரியை மட்டும் பதினொரு தொகுதிகளிலும் தொடர்ந்து பார்த்து வந்தாலே, அச்சகம் எப்போது இடம் மாறியது, பொறுப்பு எப்போது கைமாறியது என்பது தெரிந்துவிடும். பிறகு படங்களில் பின்னணியாகத் தெரியும் கட்டடத்தை வைத்தே இது பழைய இடத்துப் படம், இது புதிய இடத்துப் படம் என்று பிரிக்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தொகுதிகள் காகிதத் தட்டுப்பாட்டால் மெலிந்திருக்கும்; அதைக் கண்டு நடுவில் இதழ்கள் தொலைந்துவிட்டன என்று முடிவு கட்ட வேண்டாம்.

உங்கள் வட்டாரத்துக்கு வேறு சில நங்கூரத் தேதிகளும் இருக்கின்றன. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1948 ஜூலை 25 அன்று. டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தது 1953 ஜனவரி 14 அன்று. சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கியது 1939இல். காந்தி செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்தது 1927இல், அதாவது உங்கள் தாத்தாவின் பத்திரிகை பிறப்பதற்கு முன்பு. ஆகவே அந்தப் பயணத்தின் படம் ஏதேனும் பெட்டியில் இருந்தால், அது வேறு கைகளிலிருந்து வந்ததாகவோ பின்னாளில் பிரதி எடுத்ததாகவோ இருக்கலாம். இப்படி உறுதியாகத் தேதி தெரிந்த நாலைந்து படங்களை முதலில் நிறுத்திக்கொண்டால், அவற்றிலுள்ள ஆட்களின் வயது, உடை, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை ஒப்பிட்டு மற்றவற்றை முன்னும் பின்னும் வைக்க முடியும்.

பிளாக்குகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். மரக்கட்டையில் அறைந்த அந்தத் துத்தநாகத் தகட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், முகம் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். சிற்றூர்ப் பத்திரிகைகள் பிளாக் செய்ய வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருந்ததால், ஒருமுறை செய்த பிளாக்கைப் பத்திரமாக வைத்து, அந்த ஆள் மறுபடி செய்தியில் வரும்போதெல்லாம் பயன்படுத்தினார்கள். ஒருவருக்குக் கல்யாணமானாலும், அவர் தேர்தலில் நின்றாலும், காலமானாலும் அதே முகம்தான் அச்சாகும். கொடுத்த படம் உரியவரிடம் திரும்பிப் போயிருக்கும், ஆகவே சிலருக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே உருவம் இந்தத் தகடாக இருக்கலாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் தகட்டைப் படம் பிடித்து, கணினியில் இடவலமாகத் திருப்பினால் முகம் நேராகிவிடும். கறுப்பு வெள்ளையையும் மாற்ற வேண்டியிருக்கலாம். கட்டையில் கரையான் இருந்தால் அதைப் படப் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். தகட்டின் மேல் பூத்திருக்கும் வெண்பொடியைப் புளி போட்டுத் தேய்க்கும் ஆசை வரும். தேய்த்தால் புள்ளிகளும் போய்விடும்.

அவசரமான ஒன்று, புளித்த வாடை. ஃபிலிம் செய்யப் பயன்பட்ட அசிடேட் என்ற பிளாஸ்டிக் சிதைந்து அசிடிக் அமிலமாக வெளியேறுவதால் வருவது அது. அந்த ஆவி பக்கத்திலிருக்கும் நல்ல ஃபிலிமின் சிதைவையும் விரைவுபடுத்தும். ஆகவே அவற்றை மட்டும் காகித உறைகளில் போட்டு, காற்றோட்டமுள்ள வேறு அறைக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி மூட வேண்டாம். ஃபிலிமின் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அசிடேட் என்று கொள்ளலாம். 1950களின் தொடக்கம் வரை நைட்ரேட் ஃபிலிமும் புழக்கத்தில் இருந்தது. அது எளிதில் தீப்பற்றும், பற்றிய பிறகு தண்ணீராலும் அடங்காது. மஞ்சளித்துப் பிசுபிசுப்பாக எதுவும் இருந்தால், ஒரு துண்டைக் கொளுத்திச் சோதித்துப் பார்க்காமல், அடுப்படியும் வெயிலும் படாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு, ஆவணப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கண்ணாடி நெகட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியிலுள்ளவை எடை தாங்காமல் விரிசல் விடும். ஒவ்வொன்றையும் காகிதத்தில் பொதிந்து, நீளமான பக்கம் கீழே வரும்படி நிறுத்தி வையுங்கள். பளபளப்பான பக்கம் கண்ணாடி, அதை உலர்ந்த மென்துணியால் மெல்லத் துடைக்கலாம். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. அங்கே உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்கூடப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தெடுக்க முயலாமல், கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். ஒட்டும் நாடா கூடாது. பெயரெழுத பால்பாயிண்ட் பேனா கூடாது. பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓர் எண் மட்டும் இடுங்கள், விவரங்களை நோட்டில் எழுதுங்கள். லேமினேஷனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சூடும் பசையும் சேர்ந்து படத்தைப் பிளாஸ்டிக்கோடு ஒன்றாக்கிவிடும், பிறகு யார் நினைத்தாலும் பிரிக்க முடியாது. நம் ஊர்களில் கரையான் தின்ற படங்களைவிட லேமினேஷன் தின்ற படங்கள் கூடுதலாக இருக்குமோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

ஆல்பங்கள் இரண்டையும் பிரிக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்று இன்றும் உறுத்துகிறது. கறுப்புத் தாள் ஆல்பம் ஒன்றிலிருந்து படங்களைப் பெயர்த்துத் தனித்தனி உறைகளில் அழகாகப் போட்டேன். பக்கங்களை முதலில் படம் பிடித்து வைக்கத் தோன்றவில்லை. தாள்களில் வெள்ளை மையால் ‘இவருக்கு இடப்பக்கம் இருப்பவர்’, ‘மேற்படி மறுநாள்’ என்று எழுதியிருந்தது. எந்த ‘மேற்படி’ எந்தப் படத்துக்கு உரியது என்பதைக் கடைசிவரை என்னால் சேர்த்துவைக்க முடியவில்லை. ஆகவே ஆல்பத்தை முழுப் பக்கமாகப் பிடியுங்கள், வெற்று இடங்களையும் விடாதீர்கள். படம் உரிந்துபோன இடத்தின் நான்கு மூலைத் தடமும் ஒரு தகவல்தான்.

பெட்டிகளை மொட்டை மாடியை ஒட்டிய அறையிலும் மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரத்திலும் வைக்காமல், நடுவீட்டில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். நம் வீடுகளில் அந்துருண்டையும் வசம்பும் போடும் பழக்கம் உண்டு. ஏட்டுச்சுவடிக்கு வசம்பு உதவியிருக்கலாம், படத்தின் மேல் எதுவும் நேராகப் படக் கூடாது. ராமபாணப் பூச்சி வராமலிருக்க, மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

இனி அத்தையிடம் போகும் முறை. நானூறு படங்களையும் ஒரே நாளில் கொண்டுபோய் அவர் முன் கொட்ட வேண்டாம். ஒரு வேளைக்குப் பதினைந்து போதும். மூலப் படத்தைக் கையில் கொடுக்காமல், பெரிதாக்கி அச்சிட்ட தாளைக் கொடுங்கள், அதில் ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டிருங்கள். ‘இது யார்’ என்று மட்டும் கேட்காமல், இந்த வீடு எது, யாருக்குப் பின்னால் யார் நிற்பார்கள், இவர் எந்த வேலை பார்த்தார், எங்கிருந்து வருவார் என்று கேளுங்கள். முகம் மறந்தவர்களுக்கும் இடம் நினைவிருக்கும், இடத்திலிருந்து முகம் வந்துவிடும். உங்கள் பகுதியில் படத்தின் பின்னால் முழுப் பெயர் இல்லாமல் விலாச எழுத்துகள் (குடும்பத்தைக் குறிக்கும் தலைப்பெழுத்துகள்) மட்டுமே இருப்பது வழக்கம். எந்த எழுத்துகள் எந்த வீட்டைக் குறிக்கும் என்பதை அவர் சொல்லக் கேட்டு ஒரு தனிப் பட்டியலாக்குங்கள். செல்பேசியில் குரலைப் பதியுங்கள், தொடங்கும்போது தேதியையும் படத்தின் எண்ணையும் வாயால் சொல்லிவிடுங்கள். அவர் இன்று ஒரு பெயரும் அடுத்த வாரம் வேறு பெயரும் சொன்னால், முதலாவதை அடித்துவிடாமல் இரண்டையும் எழுதி வையுங்கள். அச்சகத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் ஊரில் இருந்தால் அவர்களிடமும் போங்கள். வலக்கோடி கம்பாசிட்டரின் பெயர் உங்கள் குடும்பத்துக்கு மறந்திருக்கலாம், அவருடைய பேரனுக்கு மறந்திருக்காது.

ஸ்கேன் செய்யும்போது அச்சுப் படங்களுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி, உள்ளங்கையளவுச் சிறு படங்களுக்கு 1200 புள்ளி வைத்து, வண்ண முறையில், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் எதற்கு என்று கடைக்காரர் கேட்பார். மங்கலின் மஞ்சளும் நீலப் பென்சிலும் சிவப்பு முத்திரையும் அப்போதுதான் விழும். ஒவ்வொரு படத்துக்கும் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும், வெறுமையாக இருந்தாலும். மகன் செய்த வண்ணப் படங்களை அழிக்கச் சொல்லவில்லை. அவற்றைத் தனிக் கோப்புறையில், ‘செயலியில் மாற்றியது’ என்று பெயரிலேயே குறித்து வையுங்கள். அந்தச் செயலிகள் மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதில்லை. அந்த இடத்தில் ஊகமாக வேறொரு முகத்தை வரைகின்றன. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தின் வண்ணப் பிரதியில் ஊருணிப் பெண் ஒருவரின் மூக்குத்தி காணாமல் போயிருக்கிறது. மூலத்தில் அது மூக்கின் இருபக்கமும் தெளிவாகத் தெரிகிறது.

பங்கு கேட்கும் உறவினர்களுக்கு ஆளுக்கொரு முழுத் தொகுப்பை, மின்பிரதியாகவும் நல்ல அச்சாகவும் கொடுங்கள். பெரும்பாலும் அதோடு சமாதானமாகிவிடுவார்கள். மூலங்களை ஒரே இடத்தில் வைக்க வீட்டில் வசதியில்லை என்றால் நிறுவனங்களை நாடலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும், அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சிதறாமல் காக்கப்பட்டு, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருவாயின. உங்கள் பதினொரு தொகுதிகளைப் பற்றி அங்கே கேட்பது பொருத்தமாக இருக்கும். படங்களுக்குப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை அணுகலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களை மின்பிரதியாக்கிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. எங்கே கொடுத்தாலும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, கொடுக்கும் முன் முழுப் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள்; படங்களும் பிளாக்குகளும் இதழ்களும் ஒரே சேகரமாகக் குறிக்கப்பட வேண்டும் என்பதை நிபந்தனையாக்குங்கள்.

ஒரு பிரதி கட்டாயம் வேறோர் ஊரில் இருக்கட்டும். 1981இல் யாழ்ப்பாணத்தில் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பவற்றுக்கு நெருப்பு மட்டுமல்ல, ஒழுகும் ஓடும் போதும்.

புத்தகமாக்கும் எண்ணம் இருப்பதாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்பது நம் பதிப்புரிமைச் சட்டத்தின் பொதுவான நிலை. பத்திரிகைப் பணியாளர் எடுத்த படத்தில் பத்திரிகைக்குள்ள உரிமை பிரசுரிக்கும் அளவுக்குத்தான். உங்கள் சின்னத் தாத்தா சம்பளத்துக்கு எடுத்தாரா, தன் விருப்பத்தில் எடுத்தாரா என்பதைப் பொறுத்து அவருடைய வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படலாம், ஆகவே அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுவது நல்லது. சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அந்தக் காலத்தில் இறந்தவரை நாற்காலியில் சாய்த்து வைத்து, சுற்றிலும் குடும்பத்தார் நின்று படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பத்திரிகைக்காரர் பெட்டியில் விபத்து, கொலை சம்பந்தப்பட்ட படங்களும் இருக்கலாம். அவற்றை ஸ்கேன் செய்து வையுங்கள், அந்த வீட்டாரைக் கேட்காமல் அச்சிலோ இணையத்திலோ போடாதீர்கள். படங்களின் பின்பக்கக் குறிப்புகளில் ஆட்களைச் சாதிப் பெயரால் மட்டும் குறித்திருந்தால், ஆவணப் பட்டியலில் அதை உள்ளபடியே பதிந்துகொண்டு, புத்தகத்தில் அவருடைய சொந்தப் பெயரைத் தேடிப் போடுங்கள்.

முதல் நாள் அத்தைக்கு எடுத்துச் செல்லும் பதினைந்தில் ஆயுத பூசைப் படமும் இருக்கட்டும், ஆனால் அதை முதலில் காட்ட வேண்டாம். தேர்ப் படமும் ஊருணிப் படமும் பார்த்து அவர் பேச்சு சூடுபிடித்த பிறகு காட்டுங்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சிறுவர்களின் முகங்களைத் தனியே பெரிதாக்கிக் கொண்டுபோங்கள். இடப்பக்கம் இருப்பவனுக்கு எட்டு வயதுக்கு மேல் இராது. படம் 1950ஐ ஒட்டியதாக இருந்தால் அவர் இன்றும் ஊரில் இருக்கக்கூடும்.